ஆர்வம் வந்துவிட்டது, அப்புறம்?

போன வருடம் எங்கள் அலுவலகத்தில் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலை அறிமுகம் செய்ய ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி நடத்தினார்கள். கமிட்டியில் என்னையும் போட்டார்கள். அரசுப் பள்ளி, எட்டாவது ஒன்பதாவது படிக்கும் நாற்பது பேர். பஸ் வைத்துக் கூட்டி வந்தோம். சர்வர் ரூமைக் கண்ணாடி வழியாகக் காட்டினோம், மொட்டை மாடியில் ஒரு ட்ரோன் பறக்கவிட்டோம், மேலாளர் ஸ்லைடு போட்டு முக்கால் மணி நேரம் பேசினார். மதியம் பிரியாணி, எல்லாருக்கும் டி-ஷர்ட். கிளம்பும் முன் ஒரு படிவம்: 'இன்ஜினியரிங் படிக்க ஆர்வம் வந்திருக்கிறதா?' நாற்பதில் முப்பத்தெட்டு பேர் 'ஆம்' என்று டிக் அடித்திருந்தார்கள். அந்த எண்ணிக்கை அப்படியே ஆண்டறிக்கைக்குப் போனது.

பஸ் ஏறுகிற இடத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தது. "சார், இத படிக்க எவ்ளோ ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது வேறு காலம். "நல்லா மார்க் எடும்மா, மத்ததெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டது. யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பதில் கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த மாதிரி நிகழ்ச்சிகள் உண்மையில் என்னதான் செய்கின்றன என்று கிடைத்த நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன். நான் கல்வி ஆராய்ச்சியாளன் இல்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் பி.டி.எஃப். படிக்கிற ஆள், அவ்வளவுதான். படித்ததில் பெரும்பகுதி அமெரிக்காவைப் பற்றியது. அங்கே முப்பது வருடத்துக்கு மேலாக இதை ஒரு தனி வேலையாகவே செய்து, எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

முதலில் கண்ணில் பட்டது ஓவியங்கள். டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவர் 1983-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். 4,807 குழந்தைகளிடம் தாளைக் கொடுத்து 'ஒரு விஞ்ஞானியை வரை' என்று சொன்னதில் வந்தது: வெள்ளைக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, தாடி, கையில் குடுவை. பெண் விஞ்ஞானியின் படம் மொத்தமே 28. அந்த 28-ஐயும் வரைந்தது பெண் குழந்தைகள். பையன்களில் ஒருத்தன்கூட வரையவில்லை.

இதையே இன்ஜினியருக்கு மாற்றிக் கேட்டார்கள், 2004-ல் மெரிடித் நைட்டும் கிறிஸ்டின் கன்னிங்ஹாமும். குழந்தைகள் வரைந்தது கார் ரிப்பேர் பார்ப்பவர், ரயில், கட்டட வேலை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'எஞ்சின்' உட்கார்ந்திருக்கிறது, குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது. நமக்கும் நிலைமை பெரிய வித்தியாசம் இல்லை. நான் வளர்ந்த தெருவில் 'இன்ஜினியர் வீடு' என்றால் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவர் வீடு. என் அம்மாவுக்கு இன்ஜினியர் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வலிக்க உட்கார்ந்திருப்பவன். ஒரு பொருள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது, இதைவிட நல்லதாக எப்படிச் செய்யலாம் என்று யோசிப்பவர் என்ற எண்ணம் எந்த ஓவியத்திலும் சுலபமாக வராது.

அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி 2008-ல் இதைப் பற்றியே ஒரு அறிக்கை விட்டது. சாரம் இதுதான்: பிள்ளைகளிடம் நாம் இதுவரை சொல்லி வந்தது 'கணக்கும் அறிவியலும் நன்றாக வந்தால் இன்ஜினியர் ஆகலாம், கஷ்டம்தான், ஆனால் பலன் உண்டு' என்பது. அதை நிறுத்திவிட்டு, பொறியியல் மனிதர்களுக்கு என்ன உதவி செய்கிறது, அதில் கற்பனைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள் என்றார்கள். இதைப் படித்தபோது எங்கள் மேலாளரின் ஸ்லைடுகள் ஞாபகம் வந்தன. மூன்றாவது ஸ்லைடு கணக்கு, நாலாவது ஸ்லைடு சம்பள பேக்கேஜ்.

சரி, பிம்பத்தை மாற்றுவது முதல் படி. ஸ்லைடை மாற்றினால் ஓரளவு நடக்கும். ஆனால் ஒரு பிள்ளை 'இது என்னால் முடியும்' என்று நினைப்பது எப்போது? அதற்கு 2004-ல் நடந்த ஒரு கதையை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பலருக்குத் தெரிந்திருக்கலாம், ஜோஷுவா டேவிஸ் என்ற பத்திரிகையாளர் எழுதி, புத்தகமாகி, 2015-ல் சினிமாவாகவும் வந்தது. சினிமாவை விட்டுவிடுங்கள், நடந்ததே போதும்.

அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரத்தின் மேற்குப் பகுதி. கார்ல் ஹேடன் என்ற அரசு உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அங்கே ஃப்ரெடி லஜ்வார்டி, ஆலன் கேமரன் என்று இரண்டு ஆசிரியர்கள் பள்ளி முடிந்தபிறகு ரோபோ கிளப் நடத்தினார்கள். அந்த வருடம் கடலடி ரோபோ போட்டி ஒன்றில் சேர்ந்தார்கள். நடத்தியது மேட் என்ற மையம். கலிஃபோர்னியாவின் மான்ட்ரே பகுதிக் கல்லூரி ஒன்றில், அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணத்தில் 1997-ல் தொடங்கியது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இது தர்ம காரியமாக ஆரம்பித்தது இல்லை. கடலுக்கடியில் கேபிள், எண்ணெய்க் குழாய் வேலைகளுக்கு ரோபோ இயக்கத் தெரிந்த ஆட்கள் போதவில்லை, ஆள் வேண்டும், அதனால் போட்டி. எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் இதனால்தான் போட்டியில் கொடுத்த கணக்குகள் நிஜமான கணக்குகளாக இருந்தன.

போட்டியில் இரண்டு பிரிவு. பள்ளிப் பிள்ளைகள் எளிய பிரிவில் சேரலாம். இவர்கள் கல்லூரிகள் மோதும் பிரிவில் சேர்ந்தார்கள். காரணம் தைரியம் இல்லை. இன்னொரு பள்ளியிடம் தோற்றால் அவமானம், பெரிய கல்லூரியிடம் தோற்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்ற கணக்கு. எதிரே எம்.ஐ.டி. அணி இருந்தது. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அவர்களுக்கு எக்ஸான்மொபில் பணம் கொடுத்திருந்தது. ஃபீனிக்ஸ் பிள்ளைகள் உள்ளூரில் அங்கே இங்கே கேட்டுச் சேர்த்தது சுமார் 800 டாலர்.

பணம் இல்லாததால் பிளம்பிங் பி.வி.சி. குழாயில் உடம்பு கட்டினார்கள். ஒட்டும் பசை அப்படி நாறியதால் ரோபோவுக்கு ஸ்டிங்கி என்றே பெயர். நாற்றம் பிடித்தது என்று அர்த்தம்.

நீளத்தை அளக்கும் வேலை ஒன்று இருந்தது. தண்ணீருக்கு அடியில் டேப் பிடிக்க முடியாது. லேசரில் தூரம் காட்டும் அளவு கருவி ஒன்றை ஏற்பாடு செய்து, அதன் எண் தெரிகிற திரைக்கு முன் ஒரு கேமராவை வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கருவி காற்றுக்கு எழுதப்பட்டது. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. தண்ணீரில் ஒளியின் வேகம் குறைவு, காற்றில் போவதில் முக்கால் பங்குதான். அதனால் 3 மீட்டரை அது 4 மீட்டர் என்று காட்டும். வந்த எண்ணை 1.33-ஆல் வகுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு இயற்பியலில் ஒளிவிலகல் எண் என்று நாமும் படித்தோம். நான் அதை மூன்று மார்க் கேள்வியாகப் படித்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது போட்டியில் மார்க் போகுமா வருமா என்ற பிரச்சினை.

இன்னொன்று, மின்சாரம். பல அணிகள் மேலே கரையில் பவர் வைத்து கேபிள் வழியாக ரோபோவுக்கு அனுப்பினார்கள். கேபிள் நீளமானால் வழியிலேயே மின்னழுத்தம் குறையும். குறையாமல் இருக்க தடித்த கம்பி போட்டால், அந்தக் கம்பியே ரோபோவைப் பின்னால் இழுக்கும். இவர்கள் பேட்டரியை ஒரு நீர்புகாப் பெட்டியில் வைத்து ரோபோவின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். கேபிள் மெலிந்தது, ரோபோ லேசாகத் திரும்பியது. ஆனால் பெட்டிக்குள் ஒரு சொட்டு தண்ணீர் போனால் எல்லாம் போச்சு.

போனது. போட்டி நடந்த சான்டா பார்பராவில், பயிற்சி ஓட்டத்தில் ஒழுகல் கண்டுபிடித்தார்கள். திரும்பப் பெட்டி செய்ய நேரம் இல்லை. உறிஞ்சுகிற ஏதாவது உள்ளே வைக்கலாம் என்று யோசித்து, கடைசியில் மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பன் வாங்கி வைத்தார்கள். லொரென்ஸோ சான்டிலன் என்ற பையன் கடையில் வெட்கத்தைவிட்டு ஒரு பெண்ணிடம் எது நல்லது என்று கேட்டு வாங்கி வந்தானாம். மிகச் சரியான பொருள் அது. சின்ன இடத்தில் நிறைய உறிஞ்சும், உறிஞ்சியதை விடாது. ராத்திரி முழுக்க ஒரு பக்கம் சால்டரிங், ஒரு பக்கம் இந்த வேலை.

மறுநாள் ஒரு பீப்பாயிலிருந்து 500 மி.லி. திரவத்தை நீருக்கடியிலேயே உறிஞ்சி எடுக்கும் கடினமான வேலையைச் செய்து முடித்தார்கள். ஆனாலும் நீருக்குள் செய்த வேலையில் அவர்கள் முதல் இடம் இல்லை, எம்.ஐ.டி. அதில் முன்னால் இருந்தது. இந்தப் போட்டியில் அறிக்கைக்கும் நேர்காணலுக்கும் சேர்த்து மார்க் உண்டு. கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தைச் சேர்ந்த நடுவர் ஒருவர், ஏன் பவர்பாயின்ட் கொண்டுவரவில்லை என்று கேட்டார். அது கவனத்தைக் கலைக்கும், என்ன சொல்வதென்று தெரியாதவர்கள்தான் அதை வைத்துக்கொள்வார்கள் என்கிற மாதிரி பதில் சொன்னான் கிறிஸ்டியன் ஆர்செகா. (வாரத்துக்கு ஆறு மீட்டிங்கில் உட்காருகிறவன் என்ற முறையில் இந்தப் பையன்மேல் எனக்குத் தனி மரியாதை.) முடிவில் ஒட்டுமொத்த முதல் பரிசு கார்ல் ஹேடனுக்கு, எம்.ஐ.டி. இரண்டாவது.

சினிமா இங்கே முடியும். நான் இதில் கவனிப்பது வேறு. இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் 'பொறியியல் எவ்வளவு அருமை தெரியுமா' என்று சொல்லித்தரவில்லை. ஒழுகுகிற ஒரு பெட்டி, மாதக்கணக்கில் சாயங்காலம் வீட்டுக்குப் போகாத இரண்டு ஆசிரியர்கள், 'இதை ஏன் இப்படிச் செய்தாய்' என்று பெரிய ஆளிடம் கேட்பதுபோல் கேட்ட நடுவர்கள். இந்த மூன்றும்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் ஆரம்பித்த ஃபர்ஸ்ட் என்ற அமைப்பின் போட்டிகள் அவை. 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி விளையாட்டரங்கில் முதல் போட்டி, 28 அணிகள், தரை முழுக்க மக்காச்சோளம் கொட்டி அதன்மேல் ரோபோக்களை ஓட விட்டார்கள். ஒரு பெட்டி உதிரி பாகம், ஆறு வாரம், கூடவே நிஜ இன்ஜினியர்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் வுடி ஃப்ளவர்ஸ் என்ற பேராசிரியர் தன் வடிவமைப்பு வகுப்பில் நடத்திய போட்டியின் சாயல் இது, அவரும் கேமனோடு சேர்ந்து கொண்டார். கார்ல் ஹேடன் கிளப்பும் ஃபர்ஸ்ட் போட்டிகளில் ஓடிய கிளப்தான், 2008-ல் அதன் மிகப் பெரிய விருதை வாங்கியது. அந்த விருது ஜெயிக்கிற ரோபோவுக்குத் தருவது இல்லை, தன்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு என்ன செய்தது என்று பார்த்துத் தருவது.

பலன் உண்டா? பிரான்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 முதல் ஃபர்ஸ்ட் மாணவர்களையும், சேராத மாணவர்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்கு அறிவியல் தொழில்நுட்ப ஆர்வம் கூடுதலாக வளர்ந்தது, பெண் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரு எச்சரிக்கை: இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை. சாயங்காலம் விளையாடப் போகாமல் ரோபோ கட்ட வருகிற பிள்ளைக்கு முதலிலேயே ஏதோ ஒரு ஈர்ப்பு இருக்கத்தான் செய்யும். ஆரம்ப வித்தியாசத்தைக் கழித்துத்தான் கணக்குப் போட்டார்கள் என்றாலும், முழுசாகக் கழிக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். ஆனாலும் நாலு வருடம் கழித்தும் போய்க் கேட்டார்களே, அது பெரிய விஷயம். நாங்கள் பிரியாணி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கேட்டோம்.

இப்போது ஃபீனிக்ஸ் பிள்ளைகளிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் எனக்கு முக்கியம் இந்தப் பகுதிதான்.

சின்ன வயதில் பெற்றோர் எல்லை தாண்டிக் கூட்டி வந்ததால், ஆஸ்கர் வாஸ்குவெஸ், கிறிஸ்டியன் உட்பட அந்த அணியில் சிலருக்கு அமெரிக்காவில் இருக்க சட்டபூர்வமான தாள்கள் இல்லை. 2006 நவம்பரில் அரிசோனா மக்கள் ஓட்டுப் போட்டு 'பிரேரணை 300' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தாள் இல்லாதவர்களுக்கு மாநிலத்தாருக்கான குறைந்த கட்டணம் கிடையாது, அரசு உதவித்தொகையும் கிடையாது. கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் சேர்ந்திருந்த கிறிஸ்டியன் படிப்பை விட்டான். எம்.ஐ.டி.யைத் தோற்கடித்த அணியின் மூளை என்று எல்லாரும் சொன்ன பையன். லொரென்ஸோவும் லூயிஸ் அரந்தாவும் சமையல் படித்து கேட்டரிங் பக்கம் போனார்கள்.

ஆஸ்கர் மட்டும் தனியார் உதவியில் 2009-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினான். பட்டம் இருந்தும் வேலை பார்க்க முடியாது. சட்டப்படி எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்று தானாகவே மெக்ஸிகோ போய் விண்ணப்பித்தான். பதினெட்டு வயதுக்குமேல் ஒரு வருடத்துக்கு அதிகமாகத் தாள் இல்லாமல் தங்கியவர் நாட்டைவிட்டு வெளியே போனால் பத்து வருடம் உள்ளே வர முடியாது, அது அந்த நாட்டுச் சட்டம். மனைவியும் குழந்தையும் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். செனட்டர் ஒருவர் தலையிட்டு, 2010-ல் விலக்கு கிடைத்துத் திரும்பினான். அதன்பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஆஃப்கானிஸ்தான் வரை போய்வந்தான்.

நாலு பேரிடமும் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. அறிவுக்கும் இல்லை. ஒரு அறிமுக நிகழ்ச்சி செய்யக்கூடியதை எல்லாம் அந்தப் போட்டி செய்தது, அதைவிட அதிகமாகவே செய்தது. அதற்கு அப்புறம் இருந்த வாசலை யாரோ வேறு இடத்தில் உட்கார்ந்து பூட்டினார்கள். ஆர்வத்தைக் கிளப்பிவிட்டு வாசல் எங்கே என்று காட்டாமல் விடுவது சும்மா இருப்பதைவிட மோசமோ என்றுகூட இடையில் தோன்றியது. அப்படி இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அந்த இரண்டு ஆசிரியர்களும் பரிசு வாங்கியதோடு விடவில்லை, கல்லூரிப் பணத்துக்காகவும் அலைந்தார்கள். வாசலைத் தேடுவதும் கிளப் வேலையில் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் படித்து முடித்து ஒரு ராத்திரி சும்மா நம்ம ஊர் விதிகளைத் தேடிப் பார்த்தேன். பார்த்தபோது கொஞ்சம் கூசிப்போனேன் என்றே சொல்ல வேண்டும்.

2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். இதுபோக அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022-லிருந்து. அதாவது, பஸ் பக்கத்தில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது. பன்னிரண்டாவது வரை அதே மாதிரி பள்ளியில் படித்து, ரேங்க் எடுத்து, அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தெரியவில்லை. கமிட்டியில் இருந்த ஏழு பேரில் யாருக்கும் தெரியாது, பிறகு கேட்டுப் பார்த்தேன்.

தெரிந்திருந்தால் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம், அது இன்னும் அவசரம். பதினொன்றாவதில் எடுக்கிற குரூப். கலந்தாய்வு ரேங்க் 200-க்குப் போடும் கட்-ஆஃபில் வருவது: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பத்தாவது முடிந்ததும் 'கணக்கு கஷ்டம்' என்று வேறு குரூப் எடுத்துவிட்டால் இந்த வழி பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுவிடும். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ட்ரோன் காட்டிய நேரத்தில் இதைச் சொல்ல பத்து நிமிடம் போதும்.

இந்த வருட நிகழ்ச்சிக்கு நான் சில மாற்றங்கள் கேட்டிருக்கிறேன். ஸ்லைடு வேண்டாம், பழைய ஸ்டாண்ட் ஃபேன்களைக் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொல்லலாம், மாட்டிய பிறகு சுற்றாத ஃபேனிலிருந்துதான் பேச்சையே ஆரம்பிக்கலாம். நாற்பது பேருக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேர், ஒரு நாளுக்குப் பதிலாக ஆறு சனிக்கிழமை. வீட்டிலிருந்து யாராவது ஒருவரும் வரவேண்டும், குரூப்பை முடிவு செய்வது பல வீடுகளில் அப்பாவோ மாமாவோதான். தமிழில் ஒரு தாள்: 7.5, குரூப், கட்-ஆஃப், சான்றிதழ்கள். பன்னிரண்டு பேர் என்றால் ஆண்டறிக்கையில் எண் சின்னதாக இருக்கும் என்று மேலாளர் யோசிக்கிறார். இன்னும் ஒப்புதல் வரவில்லை.

போன வருடம் வந்த பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு அந்தத் தாளை மட்டும் முதலில் தபாலில் அனுப்பிவிட்டேன், நாற்பது பிரதி. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. இப்போது ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ இருக்க வேண்டும்.